பேர் வெட்டினால் பெயர் நீக்கமா? உளவளத்துணை மேற்பார்வையில் ஏஐ

உளவளத்துணை (கவுன்சலிங்) செய்பவர் தன் வேலையை மூத்த ஒருவரிடம் காட்டிப் பேசுவதுதான் மேற்பார்வை. அதற்கு வரும் அமர்வுக் குறிப்புகள் அண்மைக் காலமாக மிகத் துப்புரவாக இருக்கின்றன. எழுத்துப் பிழை இல்லை, வசனம் அறுந்து நிற்பதில்லை, "முன்வைத்த பிரச்சினை", "தலையீடு", "அடுத்த திட்டம்" என்று எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏஐ எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். இலங்கையின் மலையகத்தில் உளவளத்துணை வேலை செய்பவர்கள் இதைப் பாவிக்கிறார்கள் என்பதில் தப்பே இல்லை. ஒரு நாளில் ஐந்தாறு பேரைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் இரவில் குறிப்பு எழுதுகிறவருக்கு அது பெரிய உதவிதான்.

ஆனால் மேற்பார்வையாளர் குறிப்பில் தேடுவது விபரத்தை அல்ல, விடுபட்டதை. கணவரின் குடியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர், அதே காம்பராவில் படுக்கும் மாமியாரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருப்பார். வெட்டித் திருத்திய வரி, துணைநாடி (உதவி நாடி வருபவர்) சொன்னதை அப்படியே எழுதாமல் பெரிய சொல்லாக மாற்றிய இடம், நேரம் முடிந்த பிறகும் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு போன விவகாரம்: மேற்பார்வை தொடங்குவது அங்கேதான். ஏஐயின் குறிப்பில் இந்த ஓட்டைகள் எல்லாம் பூசப்பட்டு வருகின்றன. மறந்தது உளவளத்துணையாளர், நினைவு வைத்தது மெஷின். மறந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்க முடியாமல் போகிறது.

ஆகவே வரிசைதான் முக்கியம். அமர்வு முடிந்ததும் 10 நிமிடம், கையால், கொப்பியில், நினைவிலிருந்து எழுதுங்கள். அதற்கு முன் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்கவும் கூடாது, ஏஐயைத் திறக்கவும் கூடாது. அதன் பிறகு வேண்டுமானால் மெஷின் தன் குறிப்பை எழுதட்டும். மூன்றாவதாக, இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசங்களை மட்டும் குறியுங்கள்: நான் எழுதி அது எழுதாதவை, அது எழுதி நான் விட்டவை, இருவரும் எழுதியும் சொல் வேறுபட்டவை. மேற்பார்வைக்கு அந்த வித்தியாசத் தாளைக் கொண்டுவந்தால் போதும். அரைப் பக்கத்துக்கு மேல் வராது.

அந்தத் தாளில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஆளும் சம்பவமும் கற்பனை. சொற்கள் தேயிலைத் தோட்டத்தில் தினமும் புழங்குபவை.

துணைநாடி சொல்கிறார்: "அன்னைக்கும் பேரு வெட்டிட்டாங்க மிஸ். அரைப்பேருதான். வீட்டுக்கு வந்தா அவரு தண்ணியப் போட்டுட்டு கெடக்காரு. புள்ள அழுவுது. பேசாம மருந்து குடிச்சிட்டு படுத்துரலாம்னு வந்துச்சு."

மெஷின் எழுதக்கூடியது: "துணைநாடியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாதிப் பேரே வேலைக்கு வந்திருந்தனர். கணவர் மது அருந்தியிருந்தார். குழந்தை அழுதது. மருந்து எடுத்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தார்."

"பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம் என்பதும், கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள் என்பதும் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்பளத்தில் பாதி போன கதை, ஆட்கள் வராத கதையாகிவிட்டது. அது வெறும் பிழை, திருத்திக்கொள்ளலாம். கடைசி வரி அப்படியல்ல. நம் பேச்சில் டிஸ்பென்சரியில் கொடுப்பதும் மருந்துதான், தேயிலைக்கு அடிப்பதும் மருந்துதான். "குளிசை போட்டேன்", "மருந்து எடுத்தேன்" என்றால் வைத்தியம். "மருந்து குடிச்சிட்டா" என்று யாராவது சொன்னால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையுடையதாக இருந்தது. நச்சுத்தன்மை கூடிய பூச்சிகொல்லி, களைகொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்த பிறகுதான் அது பெருமளவு இறங்கியது. அந்தக் காலம் அந்தச் சொல்லில் இன்னும் கிடக்கிறது. மெஷினுக்கு அது தெரியாது. "தண்ணி" என்பதைச் சரியாக மது என்று பிடித்ததுதான் இதில் ஆபத்தான பகுதி. ஒன்று சரியாக வந்தால் மற்றதையும் நம்பிவிடுவோம்.

எனவே உயிராபத்தை மதிப்பிடும் வேலையில் மெஷினுக்கு எந்தப் பங்கும் இல்லை. "ஆபத்து: குறைவு" என்று ஒரு பெட்டியை அது தானாகவே நிரப்பித் தந்தால் அந்தப் பெட்டியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியதை வாயால், அங்கேயே கேட்க வேண்டும்: "மருந்து குடிச்சிட்டுன்னு சொன்னீங்க. செத்துப்போகணும்னு நெனச்சீங்களா? இப்பவும் அப்படி வருதா? அந்தப் போத்தல் எங்க இருக்கு?" நேராகக் கேட்பதால் எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது. பதில் ஆம் என்றால் மேற்பார்வை நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மேற்பார்வையாளருக்கு அழைப்பு எடுக்க வேண்டும்.

அருஞ்சொல் பட்டியல் ஒன்று கட்டாயம் தேவை. பேர், அரைப்பேர், கைக்காசு, கொந்தரப்பு, பிரட்டு, மலை, பிள்ளைக்காம்பரா, தொங்கல், படங்கு, அம்மாயி, செய்வினை, காத்துக்கருப்பு என்று முப்பது நாற்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பொருள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கருவிக்கு இதைக் கொடுத்துப் பயனில்லை. அதன் முன்குறிப்பில் 224 டோக்கன் (மெஷின் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு)தான் செல்லும், தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் தின்னும், கொஞ்சச் சொல்லோடு இடம் முடிந்துவிடும். எழுத்தான பிறகு அதைப் படித்துப் பதில் சொல்லும் இரண்டாவது கருவிக்குத்தான் பட்டியலைக் கொடுக்க வேண்டும். "பட்டியலில் உள்ள சொல் வந்தால் பொருளை மாற்றாதே, மூலச் சொல்லையே மேற்கோளாகப் போடு" என்ற கட்டளையையும் சேருங்கள்.

ஒலிப்பதிவு பற்றி. முழு 50 நிமிடத்தையும் எழுத்தாக்குவது வீண் வேலை. யாரும் வாசிப்பதில்லை, வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் கூடுகிறது. உளவளத்துணையாளர் தானே தெரிந்தெடுத்த 8 முதல் 10 நிமிடத் துண்டு போதும். "நான் தடுமாறிய இடம்" என்று அவர் நினைக்கும் துண்டாக அது இருக்கட்டும். ஒற்றைத் தடத்தில், 16 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிந்தால் 50 நிமிடம் 96 எம்பி வரும், 10 நிமிடத் துண்டு 20 எம்பிக்குள் அடங்கும். விஸ்பர் எப்படியும் ஒலியை 16 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கித்தான் கேட்கும் என்பதால் அதற்கு மேல் வைத்து இடத்தை நிரப்பத் தேவையில்லை. போனை இருவருக்கும் நடுவில், மடித்த துவாயின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட ஒலி எல்லாம் இடியாக விழும். பதியும்போது விமான நிலையில் போடுங்கள். பதிவு கோப்புகள் தானாக மேகத்துக்கு (இணையச் சேமிப்பகத்துக்கு) ஏறும் வசதியை அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மழை இன்னொரு பிரச்சினை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவத்திலும், பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவத்திலும் தகரக் கூரையின் கீழ் பதிந்த ஒலி எழுத்தாக்கத்துக்கு உதவாது. சொல் விளங்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாமே என்று நினைப்போம். விஸ்பர் அப்படிச் செய்யாது. இரைச்சலிலும் நீண்ட மௌனத்திலும் யாரும் சொல்லாத வசனத்தைத் தானே உண்டாக்கி எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்து, அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து நிரப்பும் அமைப்பு அது. மழை பலமாக இருந்த நாளின் பதிவைக் காதால் மட்டும் கேளுங்கள்.

இணையத்துக்கு அனுப்பாமல் மடிக்கணினியிலேயே ஓட விடலாம் என்பது விஸ்பரின் பெரிய அனுகூலம். அதன் சிறிய மாதிரிக்கு (மொடலுக்கு) சுமார் 2 ஜிபி, நடுத்தரத்துக்கு 5 ஜிபி, பெரியதற்கு 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும். சிறியது நம் பேச்சுத் தமிழில் அதிகம் சறுக்கும். சாதாரண மடிக்கணினியில் பெரிய மாதிரி ஆமை வேகம்தான். பத்து நிமிடத் துண்டு என்றால் இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். கரண்ட் நிற்காவிட்டால்.

சம்மதம். தோட்டத்தில் கையெழுத்தின் வரலாறு நல்லதல்ல. ஒப்பீஸில் நீட்டிய தாளில் எல்லாம் போட்டுப் பழகிய கை அது. "சரிங்க மிஸ்" என்பது சம்மதம் ஆகாது. நான்கு விடயத்தைச் சொல்ல வேண்டும்: எதைப் பதிகிறோம், எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம். ஐந்தாவதாக, வேண்டாம் என்றாலும் இதே சேவை இதே நாளில் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்க ஒருக்கா சொல்லுங்க" என்று திரும்பக் கேளுங்கள். அவர் வாயால் வந்தால்தான் விளங்கியிருக்கிறது. பதிவுக்கு ஒரு சம்மதம், பதிந்ததை மெஷினுக்குக் கொடுக்க இன்னொரு சம்மதம். இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. சட்டத்துக்காக என்று இல்லாவிட்டாலும், அமர்வின் நடுவில் பேச்சு கனமாகும்போது "ரெக்கோர்டை நிறுத்தவா?" என்று ஒரு தடவை கேட்பது நல்லது. அந்தக் கேள்விக்கே சிலர் பெருமூச்சு விடுவார்கள்.

பெயரை நீக்கிவிட்டோம், இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைப்பது நகரத்துக்குப் பொருந்தலாம். ஒரு டிவிஷனில் இருப்பதே சில நூறு குடும்பங்கள். "தொங்கல் (லயத்தின் கடைசி) காம்பரா, மூன்று பெண் பிள்ளைகள், தாய் குவைத்தில், தகப்பன் லொறி ஓடுகிறவர், மூத்தது இந்த வருடம் சாதாரண தரம்" என்று எழுதினால் பெயர் எதற்கு? இரண்டு தோட்டம் தள்ளி இருப்பவருக்கும் ஆள் தெரிந்துவிடும். மெஷினுக்குக் கொடுக்கும் முன் விபரத்தைப் பொதுவாக்குங்கள். தோட்டப் பெயர் போகட்டும், மாவட்டமும் போகட்டும். குவைத் "வெளிநாடு" ஆகட்டும், பிள்ளைகளின் எண்ணிக்கை "பிள்ளைகள்" ஆகட்டும், வயது ஐந்து வருட இடைவெளியாகட்டும். தொழிலை மாற்றினால் கதை கெடாது என்றால் மாற்றிவிடுங்கள். சாதி, கோவில், தொழிற்சங்கம் மூன்றையும் கட்டாயம் எடுக்க வேண்டும். இவற்றை எடுத்த பிறகு கதையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்தக் கதை மெஷினுக்குப் போகக்கூடாதது. நேரில் மேற்பார்வையாளரிடம் மட்டும் பேசுங்கள்.

மெஷினிடம் என்ன கேட்பது? "இந்த அமர்வு எப்படி இருந்தது?" என்று கேட்டால் பாராட்டு மழைதான். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ, சட்ஜிபிடியை ஓட்டிய தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பை, அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று திரும்பப் பெற்றது. அந்தக் குணம் எல்லா மாதிரிகளிலும் ஏதோ ஓர் அளவில் உண்டு. பயிற்சியில் இருக்கும் ஒருவர் மாதம் முழுக்க இந்தப் பாராட்டைக் கேட்டுவிட்டு வந்தால் மேற்பார்வையாளரின் சிறு கேள்வியும் குற்றச்சாட்டாகக் கேட்கும். அபிப்பிராயம் கேட்காமல் எண்ணச் சொல்லுங்கள். "உளவளத்துணையாளர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றையும் வரி இலக்கத்தோடு மேற்கோளிடு. மூடியதா, திறந்ததா என்று பிரி. பிரதிபலிப்புகளைத் தனியாக எடு. மதிப்பீடு எதுவும் எழுதாதே." ஆம், இல்லை என்று முடிந்துவிடுவது மூடிய கேள்வி. துணைநாடி சொன்னதை அவருக்கே நம் சொல்லில் திருப்பிச் சொல்வது பிரதிபலிப்பு. ஊக்குவிப்பு நேர்காணல் என்ற உரையாடல் முறையை அளக்கும் எம்ஐடிஐ (MITI) அளவுகோலில் ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்றால் ஓரளவு, இரண்டு பிரதிபலிப்பு என்றால் நன்று. நம் அமர்வுகளில் கேள்வி கூடித்தான் இருக்கும். "அடிச்சாரா? எப்ப? புள்ளைங்க பார்த்துச்சா?" என்று பொலிஸ் முறைப்பாடு எழுதுவது போல ஓடும்.

இந்த எண்ணிக்கையிலும் தமிழுக்கே உரிய இரண்டு பொறிகள் உண்டு. "ஒங்களுக்கு ரொம்பப் பாரமா இருக்கு, இல்ல?" என்பது பிரதிபலிப்பு. "இல்ல?" என்று முடிவதால் மெஷின் அதை மூடிய கேள்வியில் சேர்த்துவிடும். இரண்டாவது, "ம்ம்". எழுத்தாக்கத்தில் "ம்ம்" எல்லாம் உதிர்ந்துவிடும். உளவளத்துணையாளர் மூன்று நிமிடம் வாயே திறக்கவில்லை என்று தாள் காட்டும். ஒலியைக் கேட்டால் அந்த மூன்று நிமிடமும் அவர்தான் தாங்கிக்கொண்டு இருந்திருப்பார். மௌனமும் அப்படியே மறைகிறது. 40 விநாடி அழுகை இரண்டு வரிகளுக்கு இடையில் ஒன்றுமே இல்லாமல் போகும். இவற்றைக் கையால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வை மணித்தியாலத்தில் மெஷின் தந்ததற்கு 15 நிமிடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். முதலில் ஒலித் துண்டைக் கேளுங்கள், பிறகு வித்தியாசத் தாள், கடைசியாகத் தேவையானால் எழுத்தாக்கம். மேற்பார்வை பற்றி எழுதிய பிரிஜிட் புரொக்டர் அதற்குச் சொன்ன மூன்று வேலைகளை வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். திறன் வளர்ப்பதில் மெஷின் நன்றாகவே உதவும். நெறிமுறையும் தரமும் காப்பதில் கொஞ்சம் உதவும், குறிப்பில் திகதி விட்டுப்போயிருந்தால் சொல்லும். தளர்ந்துபோனவரைத் தாங்கி நிறுத்தும் மூன்றாவது வேலையில் அதை விட்டுவிடுவது நல்லது. ஒரு வாரத்தில் இரண்டு சாவு வீட்டுக்குப் போய்வந்த உளவளத்துணையாளருக்கு இன்னொரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பிளேன்டீ ஊற்றித் தர வேண்டும்.

மேற்பார்வையாளருக்கும் இதே ஒழுங்கு உண்டு என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். உங்களிடம் வருபவரின் குறிப்பை அவருக்குச் சொல்லாமல் ஏஐயில் போட்டு "இவரது பலவீனம் என்ன?" என்று கேட்பது, துணைநாடியைக் கேட்காமல் பதிவதற்குச் சமம். ஆரம்பத்தில் எழுதும் மேற்பார்வை உடன்படிக்கையில் மூன்று வரி சேருங்கள்: எந்தக் கருவியை யார் எதற்குப் பாவிக்கலாம், பாவித்த இடத்தைக் குறிப்பில் அடையாளமிட வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையை மனிதரே எழுதுவார். இரண்டாவது வரியை மீறுபவர்கள் பெரும்பாலும் வெட்கத்தால்தான் மறைக்கிறார்கள். "பாவிச்சீங்களா?" என்று விசாரிப்பதை விட "இதில் அது எழுதியது எது, நீங்கள் எழுதியது எது?" என்று கேட்டால் சாதாரணமாகச் சொல்வார்கள்.

பயிற்சிக்கு ஏஐயைத் துணைநாடியாக நடிக்க வைப்பது, என் கணிப்பில், இதில் ஆகச் சிறந்த பயன்பாடு. யாருடைய இரகசியமும் அதில் இல்லை. ஆனால் சும்மா விட்டால் அது மூன்றாவது பதிலிலேயே குழந்தைப் பருவத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டி, "உங்களோடு பேசியது ஆறுதலாக இருந்தது" என்று நன்றியும் சொல்லிவிடும். அப்படி ஒரு ஆள் எந்த லயத்திலும் இல்லை. கட்டளையை இறுக்குங்கள்: "முதலில் உடல் வருத்தத்தை மட்டும் சொல்: நெஞ்சு அடைக்குது, தலை சுத்துது. முதல் எட்டுப் பதிலுக்குள் காரணத்தைச் சொல்லாதே. மூடிய கேள்வி வந்தால் ஒரு சொல்லில் பதில் சொல். மூன்று முறையாவது 'ஒண்ணுமில்ல மிஸ்' என்று சொல். அறிவுரை சொன்னால் 'சரிங்க' என்று ஒத்துக்கொண்டு பேச்சை முடிக்கப் பார்." இந்தக் கடைசிக் கட்டளைதான் புதியவர்களை வியர்க்க வைக்கும்.

துணைநாடி தன் போனில் ஏஐயோடு பேசுகிறாரா என்பதையும் முதல் அமர்விலேயே விசாரியுங்கள். இளசுகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேட்கிறார்கள். திட்ட வேண்டாம். என்ன கேட்டீர்கள், என்ன சொன்னது, அதில் எது பிடித்தது என்று மூன்று கேள்வி போதும். மனிதரிடம் கேட்கப் பயந்தது எது என்று அதிலேயே தெரிந்துவிடும். வீட்டில் ஒரு போன், நான்கு பேர் பாவிக்கிறார்கள் என்றால் அந்த உரையாடல் அப்படியே திரையில் கிடக்கும் என்பதை நினைவுபடுத்துங்கள். நெருக்கடி என்று எழுதினால் அது அமெரிக்காவின் உதவி இலக்கமான 988ஐயோ இந்தியாவின் 14416ஐயோ தந்துவிடலாம். இங்கிருந்து அழைத்துப் பயனில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிசிசி உதவி இணைப்பின் 1333, அம்புலன்ஸுக்கு 1990 ஆகிய மூன்றையும் கையால் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக அழிப்பு. மேற்பார்வை முடிந்த அன்றே ஒலியையும் எழுத்தாக்கத்தையும் அழிக்க வேண்டும். பல போன்களில் அழித்த கோப்பு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள். மடிக்கணினியில் ஒரு பிரதி, வட்ஸ்அப்பில் மேற்பார்வையாளருக்கு அனுப்பிய பிரதி, அவரது போனில் இறங்கிய பிரதி என்று ஒன்று நான்காகியிருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரில் கேட்க வைப்பதே சுகம். கோப்பில் "ஒலி அழிக்கப்பட்டது" என்று திகதியோடு ஒரு வரி எழுதிக் கையொப்பம் இடுங்கள். அடுத்த அமர்வில் துணைநாடி கேட்கும்வரை பார்த்திருக்காமல், அவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்: "போன தடவை பதிஞ்சத அழிச்சிட்டேன் அக்கா."